சேவ்தா திறந்த ஜன்னல்

ஐந்து வயதுக் கலினாவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். அதற்கு முந்தின நாள் புதன்கிழமை, அவளைப் பார்க்க வந்த பெரியம்மா சேவ்தா ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கலினாவின் அம்மா நெவெனாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வெல்கோவோ ஊரில் மனிதருக்கு நோய் வர ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் குறுக்குக் காற்று நின்றுகொண்டிருக்கும். கழுத்துப் பிடிப்பா, காது வலியா, மாப்பிள்ளைக்குக் கோபமா, எல்லாம் அதன் வேலைதான். சித்திரை வெயில் போல ஒரு வெயில் அங்கேயும் அடிக்கும். அப்போதும் பஸ்ஸில் அத்தனை பேரும் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்களே ஒழிய, எதிரெதிர் ஜன்னல் இரண்டை ஒருவரும் திறக்க மாட்டார்கள். திறந்தவனை ஊரே திரும்பிப் பார்க்கும்.

சேவ்தா மட்டும் திறப்பாள். அவள் பிழைப்பு அப்படி. பெலசிட்சா மலையில் பனி கிடக்கும் மாசியிலேயே குடமிளகாய் நாற்று விட்டாக வேண்டும். நெவெனாவின் புருஷனுக்கு அண்ணன் வாசிலும் அவன் பெண்டாட்டி சேவ்தாவும் வீட்டுக்குப் பின்னால் நான்கு பாலித்தீன் குடில் போட்டிருந்தார்கள். உள்ளே விறகடுப்பு, அதிலிருந்து நெடுக ஓடும் தகரக் குழாய், வரிசையாக நாற்று வளரும் குழித்தட்டுகள். மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். சூடு ஏறினால் பக்கத்துப் படுதாவைச் சுருட்டிக் காற்று விட வேண்டும், இறங்கினால் கட்டை போட வேண்டும். இப்படிப் பதினைந்து வருஷம் இருந்தவள் எந்த மூடின அறைக்குள் நுழைந்தாலும் அவள் கை தானாக ஜன்னலுக்குப் போய்விடும்.

வாசிலின் தம்பி மீத்ரேதான் நெவெனாவின் புருஷன். காய்கறி லாரி ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போனால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவான். நெவெனாவுக்கு நகரத்துத் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கும் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மாலை ஷிஃப்ட். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே முற்றம், ஒரே கேணி, ஒரே குழந்தை. குழந்தையைப் பெற்றவள் நெவெனா. சேவ்தாவுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் கலினா முதல் அடி எடுத்து வைத்தது குடிலுக்குள், முதல் பல் விழுந்தது குடிலுக்குள். நெவெனா எட்டு மணி நேரம் காலர் தைத்துவிட்டு வந்து கையை நீட்டினால், "இரும்மா, பெரியம்மாகூடத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்று ஓடிவிடும். நெவெனாவுக்கு வயிறு எரியும். இதை யாரிடம் சொல்வது? இலவசமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளைக் கரித்துக் கொட்டினால் ஊர் யாரைக் காறித் துப்பும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் குடிலில்தான் கலினாவின் காலில் ஆணி குத்தியது. பலகையில் நின்ற துருப்பிடித்த ஆணி, செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. சேவ்தா ராக்கியா சாராயத்தை ஊற்றிக் கழுவிக் கட்டுப் போட்டாள். பத்து நாளில் கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. எலும்பு வரை சீழ் போயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கீறிச் சுத்தம் செய்து, மூன்று வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று படுக்க வைத்தார்கள்.

கூட இருக்க ஒருவருக்குத்தான் சீட்டு. அதில் தன் பெயரை எழுதிக் கொடுத்தபோது நெவெனாவுக்கு, சொல்லவே கூசுகிறது, ஒரு சந்தோஷம் வந்தது. ஆலையில் லீவு போட்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பிள்ளை இருபத்து நான்கு மணி நேரமும் அவளுடையது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. புண் ஆறிக்கொண்டு வந்தது. ராத்திரி ஒரே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் கதை பேசினார்கள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. மார்ச் ஒன்றாம் தேதி. பிள்ளைகள் கையில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் கட்டும் நாள். நெவெனா ஆஸ்பத்திரி வாசல் கடையில் நல்லதாக ஒன்று வாங்கிப் பர்ஸில் வைத்திருந்தாள். காப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் சேவ்தா வந்து, தானே முறுக்கிய நூலைக் கட்டிவிட்டாள். இன்னொரு கையில் மருந்து ஊசி இருந்தது. இன்னொரு நூலுக்கு இடமில்லை. அறை புழுங்குகிறது என்று ஜன்னலையும் திறந்து வைத்திருந்தாள். கதவும் திறந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் முப்பத்தொன்பதரை.

"நான் கண்ணால பாத்தேன்," என்றாள் பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா மென்கா. அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேறு பொழுதுபோக்கு இல்லை. "ஜன்னல்லேர்ந்து கதவுக்கு விர்ருன்னு போச்சு. குறுக்க படுத்திருக்கு குழந்தை. எனக்கே இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"அப்பவே சாத்தியிருக்கலாமே நீங்க?"

"உங்க வீட்டு மனுஷி. நான் எப்படிம்மா வாயைத் திறக்கிறது?"

"எங்க வீட்டு மனுஷிதான்," என்றாள் நெவெனா. "அஞ்சு வருஷமா எங்க வீட்டு மனுஷி."

எழுந்து போய் வாசல்காரனிடம் சொன்னாள். சேவ்தா என்று ஒருத்தி வருவாள், அவளை உள்ளே விடக் கூடாது, சீட்டு என் பேரில் இருக்கிறது. மென்காவும் அவளுமாக ஜன்னல் இடுக்கு முழுக்க, நெவெனாவின் பையில் கிடந்த தையல் ஆலை அகல டேப்பை ஒட்டினார்கள்.

சேவ்தா வந்தாள். வாசலில் தடுத்தார்கள். சண்டை போடவில்லை. கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, தரைத்தளத்து ஜன்னலுக்கு வெளியே புல்லில் நின்றாள். காலையில் சந்தையில் கீரை விற்றுவிட்டு வருகிறவள், கையில் காலிப் பெட்டி. கலினா கட்டிலிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கிப் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டது. டேப் ஒட்டிய ஜன்னலில் பேச்சு கேட்காது. சேவ்தா வெளியிலிருந்து ஏதோ கையைக் காட்டினாள். பிள்ளை மூன்று விரலைக் காட்டியது, பிறகு ஒன்பது விரல், பிறகு ஒரு விரலைப் பாதியாக மடக்கியது. நெவெனாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. தெர்மாமீட்டர். குடிலில் இருவரும் விளையாடும் விளையாட்டு. கலினாவுக்கு எழுத்து வருவதற்கு முன்பே அதைப் பார்த்துச் சொல்லத் தெரியும்.

தினமும் அது நடந்தது. சேவ்தா சந்தை முடிந்ததும் வந்து நிற்பாள், நான்கு மணி பஸ்ஸுக்குப் போவாள். விரல்கள் கண்ணாடியில் ஏறி இறங்கும். தனக்கும் மகளுக்கும் இப்படி ஒரு பாஷை உண்டா என்று நெவெனா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

காய்ச்சலோ விடவில்லை. டாக்டர் அர்சோவா ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார், குதிகாலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். புண் சுத்தமாக இருந்தது. நெஞ்சு சுத்தம், காது சுத்தம், மூத்திரம் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வரவில்லை. டேப் வேலை செய்கிறது என்று மென்கா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். திங்கட்கிழமை மறுபடி முப்பத்தொன்பது.

அன்று நான்கு மணிக்கு சேவ்தா பஸ்ஸுக்குப் போகவில்லை. வாசல்காரன் வந்து, "உங்க ஆளு கேட்டாண்ட நிக்கிது, நீங்க வராம போகமாட்டேங்குது" என்றான்.

நெவெனா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். "என்னக்கா? இங்கயும் ஏதாவது திறக்கணுமா?"

சேவ்தா அதைக் காதில் வாங்கவில்லை. கீரைப் பெட்டியில் கிழித்த ஓர் அட்டையை நீட்டினாள். நீலப் பென்சிலில் வரிசை வரிசையாக எண்கள்.

"என்ன இது?"

"பிள்ளை விரல்ல காட்டினது. காலையில எவ்வளவு, ராத்திரி எவ்வளவுன்னும் கேட்டு எழுதினேன்."

"எம்பிள்ளை என்ன உன் குடில் நாத்தா? அட்டையில எழுதி மாட்டுறதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது நாத்துதான். திட்டுறத அப்புறமா திட்டு, இப்பக் கேளு. வெளிய பனி. குடிலுக்குள்ள திடீர்னு சூடு ஏறுது. இலை வாடல, தண்டு நிமிந்து நிக்குது. அப்ப நாத்துக்கா மருந்தடிப்போம்? அடுப்பப் போயிப் பாப்போம். உன் மச்சான் தூக்கக் கலக்கத்துல ரெண்டு கட்டை கூடப் போட்டிருப்பாரு."

"சுத்தி வளைக்காத. பிள்ளை தனியா இருக்கு."

"அவ முப்பத்தொம்பதுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குதிக்கிறா நெவெனா. எனக்குப் பாட்டுப் பாடி ஆடிக் காட்டுறா. அந்தச் சூட்டுல நீயும் நானும்னா எழுந்திரிப்போமா? நேத்து சீஸ் வெச்ச பனிட்சா ஒரு சுருள் முழுசாத் தின்னாளாமே, நர்ஸம்மா சொன்னாங்க?"

"தின்னா. அதுல உனக்கென்ன?"

"காலையில ஆறு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி பத்து. மருந்து ஏறுறது இந்த மூணு நேரம், அதையும் நர்ஸம்மாகிட்டதான் கேட்டேன். காய்ச்சல் ஏறுறது அதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி கழிச்சு. அடுத்த மருந்துக்குள்ள இறங்கிடுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊசி அடைச்சுக்கிட்டு மருந்தே ஏறல. அன்னைக்குச் சாயங்காலம் முப்பத்தேழு."

"அன்னைக்கு ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"இன்னைக்கும்தான் சாத்தியிருக்கு. இன்னைக்கு எவ்வளவு?"

நெவெனா அட்டையின் கடைசி வரியைப் பார்த்தாள்.

"சூடு குழாயிலேர்ந்து வருது," என்றாள் சேவ்தா. "மருந்துதான் சுடுது. டாக்டரம்மாகிட்ட சொல்லு."

"பிள்ளையக் காப்பாத்துன மருந்து. குத்துனது உன் ஆணி. திறந்தது உன் கை. இப்பப் பழி மருந்து மேலயா? நல்லா இருக்கே நியாயம். நீயே போயிச் சொல்லேன் உன் டாக்டரம்மாகிட்ட."

"உள்ள விடாதன்னு சொல்லி வெச்சவ யாரு?" சேவ்தாவின் குரல் ஏறவில்லை. "ஆணி என் ஆணிதான். நான் இல்லைன்னு எப்பவாவது சொன்னேனா? ராத்திரி கண்ண மூடினா அந்தப் பலகைதான் வருது." அட்டையை நெவெனாவின் சால்வை மடிப்பில் செருகிவிட்டு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். எங்கோ ஒளிந்து சீழ் இருக்கலாம். வியாழக்கிழமை காலை குதிகாலை மறுபடி திறந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எலும்பைச் சுரண்ட வேண்டி வந்தால் வளர்கிற கால், கொஞ்சம் கட்டையாகிப் போகலாம்.

"நீங்கதான் முழுநேரமும் கூட இருக்கீங்க," என்றார். "எதையாவது கவனிச்சீங்களா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

அட்டை தலையணைக்கு அடியில் இருந்தது. நெவெனாவின் வாயில் வார்த்தை வந்து நின்றது. என் ஓரகத்தி ஒன்று கவனித்தாள் என்று சொல்ல வேண்டும். இரவும் பகலும் பக்கத்தில் படுத்திருக்கிற தனக்குத் தெரியாதது, வெளியே புல்லில் நிற்கிறவளுக்குத் தெரிந்தது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்புறம் இந்தப் பிள்ளை யார் பிள்ளை?

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள்.

சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. புதன்கிழமை முழுக்கத் திருடனைக் காவல் காப்பதுபோல உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு மணிக்கு மருந்து சொட்ட ஆரம்பித்தது. மூன்றேகாலுக்குப் பிள்ளையின் கன்னம் சிவந்தது. மூன்றரைக்கு முப்பத்தொன்பதே கால். கலினா கட்டில்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மென்காவின் பையனுக்குக் கோழி மாதிரி கூவிக் காட்டியது. ஒன்பது மணிக்குத் தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. பத்து மணிக்கு மறுபடி மருந்து. சேவ்தா சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததுதான் நெவெனாவுக்குப் பொறுக்கவில்லை. தப்பாக இருந்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம்.

விடிவதற்கு முன் நர்ஸ் வந்து, குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். கலினா கண்ணைத் திறக்காமல், "அம்மா, இந்தத் தடவையும் வலிக்குமா?" என்றது.

"தூங்கும்போதுதான் செய்வாங்க."

"முழிச்சதுக்கு அப்புறம் வலிச்சுதே."

நெவெனா எழுந்தாள். வராந்தா விளக்கில், மென்காவிடம் வாங்கிய கோடுபோட்ட தாளில், அந்த எண்களைத் தன் கையெழுத்தில் எழுதினாள். நேற்றுத் தான் பார்த்ததையும் கீழே சேர்த்தாள். கீரைப் பெட்டி அட்டையை நான்காய்க் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிள்ளையைக் காப்பாற்றும் அவசரத்திலும் அதற்கு மட்டும் நிதானம் இருந்தது. படியேறி மாடியில் டாக்டர் அறைக்குப் போனாள்.

அர்சோவா இரவுப் பணி முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும்," என்றார். "ஒரு வாரம் பத்து நாள் ஒத்துக்கிட்ட ஆன்டிபயாடிக்கே அப்புறம் காய்ச்சலைக் கொண்டுவரும். காய்ச்சல் கொதிக்கும், குழந்தை தெம்பா இருக்கும். நாம சீழைத் தேடிக்கிட்டு இருப்போம். இன்னைக்குக் கத்தி வேணாம். இந்த மருந்த நிறுத்திட்டு, வேற வகை கொடுத்துப் பாப்போம். இதுதான் காரணம்னா ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்." பிறகு தாளில் விரல் வைத்தார். "இது போன வாரத்துலேர்ந்து எழுதியிருக்கே. செவ்வாய்க்கிழமை நான் கேட்டப்ப ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

நெவெனாவின் காது மடல் கொதித்தது. "அப்ப... எனக்கு நிச்சயமில்ல."

"அடுத்த தடவை நிச்சயமில்லைன்னாலும் சொல்லுங்க," என்றார் டாக்டர். தோளில் தட்டினார். "பெத்தவ கண்ணுன்னா சும்மாவா."

வெள்ளிக்கிழமை முப்பத்தேழே முக்கால். சனிக்கிழமை காய்ச்சல் சுவடே இல்லை. வார்டு முழுக்க நெவெனாவின் பெருமைதான். மென்காகூட, குறுக்குக் காற்றை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ரெண்டும் சேந்துதான் வந்திருக்கும்" என்று ஒரு வழியாக ஒத்துக்கொண்டாள். புது மருந்து ஒத்துக்கொண்டது. அடுத்த வாரம் முடியுமுன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊர்ப் பெண்கள் தட்டில் பலகாரத்தோடு வந்தார்கள். லாரியிலிருந்து இறங்கிய மீத்ரே எல்லோருக்கும் ராக்கியா ஊற்றிக்கொண்டு, டாக்டருக்கே என் பெண்டாட்டி பாடம் எடுத்துவிட்டாள் என்று நாலு பேரிடம் நாற்பது தடவை சொன்னான். சேவ்தா அவித்த பீன்ஸைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு சேவ்தா, இவளுக்கு இவ்வளவு சூட்டிகை இருக்கும்னு நினைச்சியா?" என்று பக்கத்து வீட்டு ரோத்னா கேட்டாள்.

"பெத்தவளுக்குத் தெரியாததா?" என்றாள் சேவ்தா. கரண்டியை வைத்துவிட்டு, அடுப்புக்குக் கட்டை போட வேண்டும் என்று குடிலுக்குப் போனாள்.

நெவெனாவால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே போனாள். குடிலுக்குள் ஈர மண் வாசம். சேவ்தா குனிந்து குழித்தட்டுகளை வெளிச்சம் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. நீ சொன்னத நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன். டாக்டர் கேட்டப்ப ரெண்டு நாள் மறைச்சும் வெச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கத்தி வைக்கப் போறாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க, வியாழக்கிழமை விடியக்காலை நான் அங்கதான் இருந்தேன். வாசல்காரன் சிகரெட்டுக்குப் போயிருந்தான், நுழைஞ்சிட்டேன். டாக்டர் கதவைத் தட்டக் கையத் தூக்கிட்டேன். நீ கையில தாளோட படியேறி வந்த. சரி, அம்மா வந்துட்டான்னு பின்பக்கப் படியில இறங்கிட்டேன்."

அந்தக் கதவுக்கு முன்னால் நெவெனா நின்றிருந்தால் யார் வந்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"என் கையில அதப் பாத்ததும் உனக்கு எரியலையாக்கா?"

சேவ்தா நிமிர்ந்தாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எரியாம? பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அழுதுகிட்டே போனேன். அஞ்சு வருஷமா எரியுதுடி. நாள் பூரா எங்கூடச் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கும். பொழுது சாஞ்சா அம்மா எப்ப வருவான்னு வாசல்ல போயி நின்னுக்கும். எதக் கொடுத்தாலும் உள்ள வராது. நீ பஸ்ஸ விட்டு இறங்குற வரைக்கும் நான் இருக்கேங்கிறதே அதுக்குத் தெரியாது."

இது நெவெனாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் வந்து இறங்கும்போது பிள்ளை குடிலுக்குள் ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு முன் வாசலில் நின்றதைப் பார்க்க அவளுக்கு வழியில்லை.

அடுப்பில் கட்டை சடசடத்தது. சேவ்தா தெர்மாமீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதினாள்.

"நாளையிலேர்ந்து எனக்கு மாலை ஷிஃப்ட்," என்றாள் நெவெனா. "பிள்ளை உங்கிட்ட இருக்கட்டும்."

சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் யாரும் கேட்காமல் அவளாகவே சொன்னது இதுதான் முதல் தடவை.